தாழ்வாரத் தொட்டிக்கு எது: சிலோன் பசலையா, பருப்புக்கீரையா?

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மரங்கள் துளிர்ப்பதற்கு முன்பே பூத்து அடங்கிவிடும் சிறு செடி கிளேட்டோனியா. அதன் கிழங்கை அவித்து உண்பார்கள், இலையையும் பூவையும் பச்சையாகவே சாப்பிடலாம். ஆனால் விதையை வாங்கிச் சிங்கப்பூரில் தூவிப் பயனில்லை. குளிர்காலத்தைக் கடந்தால்தான் அது முளைக்கும். இங்கே இரவிலும் 24, 25 டிகிரி. ஒரு காலத்தில் அதே தாவரக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த பருப்புக்கீரையும் சிலோன் பசலையும் நம் ஊருக்குப் பொருந்தும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது சிலோன் பசலை. கொடிப்பசலை அல்ல, இளஞ்சிவப்புப் பூ பூக்கும் குத்துச்செடி.

ருசியில் பருப்புக்கீரை ஒரு படி மேல். இதமான புளிப்பு, ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. விடியற்காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், மாலையில் தணிந்துவிடும்.

முடிவு செய்வது வெயில்தான். பருப்புக்கீரைக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நம் தாழ்வாரங்களில் மேல்தளத்தின் விளிம்பு பாதி வானத்தை மறைக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஜூனை ஒட்டிய மாதங்களிலும், தெற்குப் பார்த்ததற்கு டிசம்பரை ஒட்டியும்தான் நேர்வெயில் விழும். அந்த டிசம்பரிலோ பருவமழை மேகம். வெயில் போதாவிட்டால் பருப்புக்கீரைத் தண்டு வெளிறி நீண்டு, இலை சிறுத்து, ஈரத்தில் அடியிலேயே அழுகும். சிலோன் பசலைக்கு மூன்று மணி நேர வெயிலோ நல்ல வெளிச்சமோ போதும். நிழலில் இலை இன்னும் அகலமாகவே வரும்.

நடுவதும் எளிது. 10 முதல் 15 செ.மீ. தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடிக்கும். 25 செ.மீ. தொட்டிக்கு மூன்று தண்டு. களிமண் தன்மையுள்ள மண்ணைத் தனியாக நிரப்பினால் நவம்பர், டிசம்பர் மழையில் வேர் அழுகும். மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடிய உதவும் இலேசான வெண்துகள்) கலந்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பூந்தண்டை வளரவிட்டால் இலை சிறுத்து முற்றிப்போகும். காய் வெடித்து விதை சிதறினால் பக்கத்துத் தொட்டியெல்லாம் இதுவே முளைக்கும். ஆகவே மொட்டிலேயே கிள்ளிப் பொரியலில் சேர்த்துவிடலாம். நுனியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தத் தண்டையே வெட்டி எறிவது நல்லது.

இதன் குறை, ஆக்சலேட் அதிகம். (பருப்புக்கீரையிலும் உண்டு.) கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இலையே நீர் விடும் என்பதால் வெந்த பருப்பில் கடைசியாகச் சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்கள். அதிகம் வெந்தால் கொழகொழத்துவிடும்.

சமூகத் தோட்டத்தில் திறந்தவெளிப் பாத்தி கிடைத்தவர்கள் தயங்காமல் பருப்புக்கீரையே போடலாம். வெளிச்சம் பட்டால்தான் விதை முளைக்கும் என்பதால் மேலே மண் மூடாமல் தூவி, லேசாக அழுத்திவிடுங்கள். நடைபாதை இடுக்கில் தானாக முளைத்ததைப் பறிக்காதீர்கள்: பூச்சிமருந்து பட்டிருக்கலாம், அம்மான் பச்சரிசி வகைச் செடிகளும் அதே இடத்தில் படரும். கிள்ளினால் பால் வடிவது அவைதான்.