யூவிபி பல்ப் என்று சொல்லி வெறும் சூட்டு பல்ப்பை 265 டொலருக்குத் தலையில் கட்டினார்கள்: பச்சோந்தி வளர்ப்பவர்கள் கவனம்

கோபம் ஆறமுதல் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் எழுதமாட்டேன். “காசுதானே, விடுங்கோ” என்று மனிசி சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன், அந்தக் கடைக்காரனும் அடுத்த ஆளுக்கு இதே பல்ப்பை விற்றுவிடுவான். 265 டொலர், வரியோடு. மிருக வைத்தியருக்குக் கொடுத்தது வேறு கணக்கு, அதை இங்கே கூட்டவில்லை.

கடையின் பெயர் போடவில்லை. ஸ்காபரோவில் மீன், பறவை, ஊர்வன எல்லாம் விற்கிற ஒரு செல்லப்பிராணிக் கடை. இணையத்திலும் விற்கிறார்கள். அதற்கு மேல் சொன்னால் வக்கீல் கடிதம் வரும், அந்தச் சோலி எனக்கு வேண்டாம்.

மகளுக்கு ஒரு பச்சோந்தி வந்து சேர்ந்தது. தலையில் கொண்டை வைத்த இனம், ஏமனிலும் சவூதியின் தென்மேற்கு மூலையிலும் வாழ்கிறது. அங்கத்தைய வெயிலில் கிளையில் ஏறிக் குளிர்காய்கிற பிராணியை நாங்கள் ரொறன்ரோவில் ஒரு வலைக்கூட்டுக்குள் வைத்திருக்கிறோம். வெயிலில் இருக்கிற யூவிபி, அதாவது 280 முதல் 315 நனோமீற்றர் வரையான புறஊதாக் கதிர், தோலில் பட்டால்தான் அதன் உடம்பு விற்றமின் டி3 செய்யும். டி3 இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு கல்சியப் பொடி தூவினாலும் அது உடம்பில் சுவறாது. உடம்பு கல்சியத்துக்கு எலும்பைத்தான் கரைக்கும். இங்கே குளிர்காலத்து வெயிலில் அந்தக் கதிர் இல்லையென்றே சொல்லலாம். கோடையிலும் ஜன்னல் கண்ணாடி அதை மறித்துவிடும். ஆகவே லைற்தான் அதற்குச் சூரியன். இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன்: ரி5 எச்ஓ ரியூப் (மெல்லிய, வலுக்கூடிய குழல் லைற்), ஐந்து அல்லது ஆறு சதவீத யூவிபி, பின்பக்கம் ரிஃப்ளெக்டர் உள்ள சட்டம்.

கவுண்டரில் இருந்த பெடியன் முதலில் ஆங்கிலத்தில்தான் கதைத்தான். நான் மகளோடு தமிழில் கதைப்பதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து, “எந்த ஊர் அண்ணை?” என்றான்.

“சாவகச்சேரி.”

“அட, அம்மா மீசாலை! பக்கத்திலதானே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கடைக்காரனாகத் தெரியவில்லை, வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்தான். என் பேப்பரை வாங்கிப் பார்த்தான். “ரியூப் எல்லாம் பழைய முறை அண்ணை. இப்ப ஆக்கள் இதுக்கு மாறிற்றினம். சூடு, யூவிஏ, யூவிபி, மூண்டும் ஒரே பல்ப்பில. ரியூப் வாங்கினா சூட்டுக்கு வேற பல்ப் வாங்க வேணும், ரெண்டு செலவு. உங்களுக்கு ஏன் அந்தக் கரைச்சல்?”

நான் தயங்கினேன். உண்மையான யூவிபிதானா என்று கேட்டேன். அதற்கு அவன் செய்த வித்தையைத்தான் எல்லாரும் கவனமாக வாசிக்க வேண்டும். லாச்சியைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். அதன் நடுவில் வெள்ளை வட்டம். பல்ப்பைப் போட்டு, கிட்டத்தட்ட கண்ணாடியில் முட்டுகிற அளவுக்கு அட்டையைப் பிடித்தான். வட்டம் மெல்ல மெல்ல ஊதாவாக மாறியது. மகள் “வாவ்” என்றாள். “பாத்தியளோ அண்ணை, யூவி அடிக்குது. உங்களுக்குப் பொய் சொல்லுவனோ?”

அந்த அட்டை யூவிஏ, அதாவது டி3 செய்ய உதவாத மற்றப் புறஊதாக் கதிர், பட்டாலும் நிறம் மாறும். யூவிபி இருக்கிறதா என்று அது சொல்லவே சொல்லாது. அதை எனக்கு அவன் சொல்லவில்லை.

இரண்டு பல்ப், பல்ப்பைப் பூட்டுகிற ஒரு அலுமினியக் கூடு, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர், ஒரு டின் கல்சியப் பொடி. 265 டொலர். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டான்.

கொஞ்சக் காலம் எல்லாம் நல்லாகத்தான் போனது. பிறகு மகள்தான் முதலில் கண்டாள், நாக்கு இலக்குத் தவறத் தொடங்கியதை. பச்சோந்தி நாக்கை நீட்டினால் குறி தப்பாது, அதற்கென்றே பிறந்த பிராணி. இது கிரிக்கெற் பூச்சியைப் பார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு பாதி தூரம் வந்து தொங்கும். அடுத்தது பிடி. கிளையைப் பற்றுவதற்குப் பதிலாகத் தன் காலையே தான் பற்றிக்கொண்டு நின்றது. முன்னங்கால் இரண்டும் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. நடக்கும்போது நடுக்கம். கடைக்குப் போன் எடுத்தேன். “வளருற வயது, அப்பிடித்தான் இருக்கும்” என்றார்கள்.

ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். எலும்பு என்று சொல்லத்தக்க வெள்ளையே இல்லை, எண்ணெய் ஊறின கடதாசி மாதிரி ஒரு சாயல் மட்டும். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தினார், அது நெளிந்தது. இதைத்தான் எம்பிடி என்கிறார்கள், கல்சியம் போய் எலும்பு மெலிகிற நோய். “என்ன லைற் பாவிக்கிறீர்கள்?” என்று கேட்டார். பல்ப், கூடு, டிம்மர் எல்லாவற்றையும் பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் பல்ப்பைப் பார்க்கவில்லை, டிம்மரை எடுத்துப் பார்த்தார்.

“இதையும் சேர்த்தா விற்றார்கள்?”

ஓம் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு விளக்கினார். சூட்டையும் யூவிபியையும் ஒரே பல்ப்பில் தருகிற லைற்கள் இருக்கத்தான் செய்கின்றன: மேர்க்குரி வேப்பர், மெற்றல் ஹேலைட். இரண்டும் சுவிச் போட்டவுடன் முழுதாக எரியாது, மங்கலாகத் தொடங்கிச் சில நிமிடம் எடுக்கும். அணைத்தால் ஆறும் மட்டும் திரும்பப் பற்றாது. டிம்மரில் போடவே கூடாது. என்னுடையது சுவிச் தட்டின கணமே பளீரென்று எரிகிறது, டிம்மரைத் திருப்பினால் சொன்னபடி குறைகிறது. அப்படியென்றால் அது சாதாரண ஹலோஜன். சமையலறைக் கூரையில் பூட்டுகிற அதே சாதி. அதிலிருந்து பச்சோந்திக்கு உதவுகிற அளவுக்கு யூவிபி வராது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும்.

உதவியாளர் ஒருவர் சோலார்மீற்றர் 6.5 என்கிற கருவியைக் கொண்டுவந்தார். யூவி இன்டெக்ஸ், அதாவது யூவிக் கதிரின் வலுவை, அளக்கிறது. என் பல்ப்புக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்: 0.0. கிட்டக் கொண்டுபோனார்: 0.0. மற்றப் பல்ப்: 0.0. அவர்களுடைய கூட்டில் எரிகிற ரி5 ரியூப்புக்குக் கீழே, கிளை இருக்கிற உயரத்தில் பிடித்தார்: 3.1. இந்த இனத்துக்கு வெயில் காய்கிற கிளையில் 3 அளவில் இருந்தால் போதும் என்றார். நான் 265 டொலர் கொடுத்துப் பூச்சியத்தை வாங்கியிருக்கிறேன்.

இனித்தான் கூத்து.

போன் எடுத்தால் மனேச்சர் இல்லை. திரும்ப எடுத்தால் மனேச்சர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நேரில் போனேன். அதே பெடியன் நிற்கிறான். என்னைக் கண்டதும் கண்ணை எடுத்துவிட்டான். “தம்பி, இந்த பல்ப்பில யூவிபி இல்லை” என்றேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது, “சேர்” என்று. வாங்க வந்தபோது இருந்த அண்ணையும் இல்லை, மீசாலையும் இல்லை. அன்றைக்கு எனக்கு வயிறெரிந்தது 265 டொலருக்காக மட்டும் இல்லை.

மனேச்சர் வந்தார். பல்ப்பைச் சுவிச்சில் போட்டுப் பார்த்தார். “எரியுதுதானே? பழுதில்லையே?” எரிவது எனக்கும் தெரிகிறது ஐயா, நான் கேட்டது எரிகிற பல்ப் இல்லை, யூவிபி. வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன், மீற்றர் அளவும் அதில் இருந்தது. அவர் வாசிக்கவில்லை. “அந்த மீற்றர் பிழையாக இருக்கலாம்.” பிறகு, “கல்சியம் ஒழுங்காகப் போட்டீர்களா?” பிறகு, “பச்சோந்தி கஷ்டமான பிராணி, எல்லாருக்கும் சரிவராது.” கடைசியில் பற்றுச்சீட்டின் அடியில் இருக்கிற எறும்பெழுத்தைக் காட்டினார்: திறந்த மின்சாரச் சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது. செய்த கொம்பனிக்கு எழுதுங்கள் என்றார். பெட்டியில் இருந்த ஈமெயில் முகவரிக்கு எழுதினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால், “நல்ல மனதுக்காக” 20 டொலருக்கு அவர்கள் கடையிலேயே ஏதாவது எடுத்துக்கொள்ளலாமாம். நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால், அதே பல்ப் தட்டு நிறைய அடுக்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை வடிவாகப் பார்த்தேன். “யூவிஏ+யூவிபி 10.0” என்று பல்ப்பின் கழுத்தில் அச்சடித்ததை ஈரத் துணியால் துடைத்தால் கையோடு வருகிறது. சி.எஸ்.ஏ, சி.யூ.எல் போன்ற எந்த அங்கீகார முத்திரையும் இல்லை. ஒன்ராறியோவில் மின்சாரச் சாமானை அப்படி ஒரு முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. பொய்யான விவரம் சொல்லி விற்றால், 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்துச் செய்து காசைக் கேட்கலாம். கடையின் எறும்பெழுத்து அதற்கு மேல் நிற்காது. அதன்படி எழுத்தில் கடிதம் கொடுத்துவிட்டேன். பதில் இல்லை. கிரெடிட் காட் கொம்பனியிலும் முறைப்பாடு போட்டிருக்கிறேன், விசாரிக்கிறார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், நான் பேப்பரில் எழுதிக்கொண்டு போன ரியூப்பும் சட்டமும் இப்போது வேறிடத்தில் வாங்கினேன், 265 டொலரில் பாதியும் ஆகவில்லை. சூட்டுக்குப் பக்கத்தில் பூட்டியிருப்பது வன்பொருள் கடையில் வாங்கிய சாதாரண வீட்டு பல்ப். அதுவே காணும்.

எப்படிச் சரியான லைற் தெரிவது என்று விளக்கமாக எழுதுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். கை நடுங்குகிறது, மருந்து கொடுக்கிற நேரமும் வந்துவிட்டது. அவசரமாகச் சிலது மட்டும்.

நீளமான ரி5 எச்ஓ ரியூப் வாங்குங்கோ. ஆர்க்கேடியா 6%, ரெப்டிசன் 5.0 இரண்டும் பச்சோந்தி வளர்ப்பவர்கள் வழக்கமாகப் பாவிப்பவை. கூட்டின் வலைக்கு மேலே வைத்து, கிளையை 20 முதல் 25 சென்ரிமீற்றர் கீழே கட்டுங்கோ. வலையே கதிரில் ஒரு பங்கை மறிக்கும், கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ இடையில் இருந்தால் எல்லாம் போச்சு. மலிவான எல்.இ.டி ஊதா வெளிச்சத்தை யூவிபி என்று விற்கிறார்கள், அது வெறும் ஊதா. அட்டை காட்டினால் திரும்பி நடவுங்கோ. ரியூப் எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கோ, யூவிபி வெளிச்சத்துக்கு முன்னமே செத்துவிடும். நாக்கு தவறினால், கால் நடுங்கினால், பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் கடையைக் கேட்கவேண்டாம், நேரே வைத்தியரிடம் போங்கோ. டி3 மருந்தை நீங்களாக அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம், கூடினால் அதுவும் நஞ்சு.

பெட்டியை எறியவேண்டாம். காசாகக் கொடுக்கவேண்டாம், கிரெடிட் காட்டில் வாங்குங்கோ. என்னுடைய 265 டொலரில் ஒரு சதமாவது திரும்பி வந்தால், அது அந்தக் காட்டால்தான் வரும்.