மழையிலும் வெயிலிலும் நிற்கும் ஸ்க்ரூ எது? சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

வெளியில் நிற்கப்போகும் மர வேலைக்கு ஸ்க்ரூ எடுக்கும்போது நீளத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பூச்சு, அப்புறம் அது எந்த மாதிரி பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது. மரத்தளம், பந்தல், வேலி, கொட்டகைச் சட்டம் என்று பல வகைகளைப் போட்டு, பருவம் மாற மாற அவை என்ன ஆகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்ததில் படிந்த பழக்கம் இது.

ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், மரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனாலேயே பலர் சட்டத்துக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். இதன் எஃகு நன்றாகக் கடினப்படுத்தப்பட்டது, தண்டோ மெலிசு. பக்கவாட்டில் பாரம் ஏறினால் வளைந்து கொடுக்காமல் பட்டென்று ஒடிந்துவிடும். மேலே இருக்கும் பாஸ்பேட் பூச்சும் ஈரத்துக்கு நிற்காது. யாரோ கட்டிவிட்டுப் போன பழைய வேலி ஒன்றைப் பிரித்தபோது தலைகள் மட்டும் கையோடு வந்தன. தண்டுகள் உள்ளேயே துருவாகிக் கிடந்தன.

இந்த விஷயத்தில் சாதா ஆணியே தேவலை. அது வளையும், சட்டென்று முறியாது. சுவர்ச் சட்டங்களுக்கு இன்றும் ஆணி புழங்குவதற்கு வேகம் மட்டும் காரணமல்ல. ஆனால் மரம் நனைந்து காய்ந்து அசையும்போது ஆணி மெல்ல மேலே எழும்பும். தளப் பலகையைப் பிடிக்க ஸ்க்ரூதான் சரி.

பாரம் தாங்கும் சட்டங்களுக்கு ஸ்ட்ரக்சரல் ஸ்க்ரூ என்றே தனியாக வருகிறது. சிம்ப்சன் ஸ்ட்ராங்-டை, ஜிஆர்கே, ஸ்பாக்ஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். தண்டு தடிமன், பல வகைகளில் தலையோடு சேர்ந்த அகலமான வாஷர், பெரும்பாலும் முன்துளையும் தேவையில்லை. போல்ட் மாதிரி தலை உள்ள தடித்த லேக் ஸ்க்ரூவுக்கு இரண்டு அளவில் துளை போட்டு ஸ்பேனரால் முறுக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தயாரிப்பாளர் எவ்வளவு பாரம் என்று அட்டவணை தராத ஸ்க்ரூவை இந்த இடங்களில் நான் தொடுவதில்லை. சட்டத்தைத் தாங்கும் உலோகக் கொக்கிகளுக்கும் (துளைகளோடு வரும் தகட்டுத் தாங்கிகள்) அதே விதி: அதற்கென்று சொல்லப்பட்ட ஆணி அல்லது ஸ்க்ரூ மட்டும், அட்டவணை கேட்கும் எல்லாத் துளைகளிலும்.

பூச்சுக்கு வருவோம். பணம் இங்கேதான் போக வேண்டும். அழுகாமல் இருக்க மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரத்தில் இப்போது பெரும்பாலும் செம்பு சேர்ந்த மருந்துதான். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்சனிக் கலந்த பழைய மருந்து நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்தவற்றில் செம்பு அதிகம். ஈரத்தோடு சேர்ந்தால் அந்தச் செம்பு எஃகையும் துத்தநாகத்தையும் அரிக்கும். பளபளவென்று இருக்கும் மின்முலாம் பூசிய ஸ்க்ரூவில் துத்தநாகம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததில் 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். அது பார்க்க மங்கலாக, சொரசொரப்பாக இருந்தாலும் வெளியே அதுதான் உழைக்கும். பதப்படுத்திய மரத்துக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல அடுக்குப் பூச்சு ஸ்க்ரூக்களும் எனக்கு நன்றாகவே நின்றன, ஆனால் முடுக்கும்போது தலையில் பூச்சு உரிந்த இடத்தில் துரு முதலில் எட்டிப் பார்க்கிறது.

கடற்காற்று படும் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், 316 என்ற தர எண் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் சாதாரண 304 தரத்தைவிட உப்பைத் தாங்கும். ஓக், செடார் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மரங்களிலும் ஸ்டெயின்லெஸ்தான். வேறு ஸ்க்ரூ போட்டால் ஒவ்வொரு தலையிலிருந்தும் கறுப்புக் கோடு வழியும். ஸ்டெயின்லெஸ்ஸின் குறை அதன் மென்மை. கெட்டி மரத்தில் முன்துளை இல்லாமல் இறக்கினால் பாதியில் முறுக்கி அறுந்துவிடும். துத்தநாகம் பூசிய கொக்கியில் இதைக் கலந்து போடவும் கூடாது, கொக்கி சீக்கிரம் அரிக்கும்.

மரை எதுவரை வருகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு கட்டைகளை இறுக்கிச் சேர்க்க, தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாத தண்டு வேண்டும். முழுக்க மரை இருந்தால் அது மேல் கட்டையையும் பிடித்துக்கொள்ளும், நடுவிலுள்ள இடைவெளி அப்படியே நின்றுவிடும். நீளத்துக்கு என் கணக்கு எளிது: ஸ்க்ரூவின் பாதிக்கு மேல் அடிக் கட்டைக்குள் போக வேண்டும். 25 மி.மீ. பலகைக்கு இரண்டரை அங்குலம் போதும். கட்டையின் வெட்டு முனையில் நார்வாக்கில் இறக்கினால் பிடிப்பு குறைவு. அங்கே நீளத்தைக் கூட்டுவதைவிட ஒரு கோணத் தகடு வைப்பது மேல்.

பிளஸ் தலை இனி எனக்கு வேண்டாம், பிட் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஆறு முனை நட்சத்திரத் தலை அப்படிச் செய்வதில்லை. அதற்கான டி25 அளவு பிட் ஒன்று இருந்தால் பெரும்பாலான தள ஸ்க்ரூக்களுக்குப் போதும். தட்டித் தட்டி முடுக்கும் மின்கருவியான இம்பாக்ட் டிரைவரை மட்டும் கடைசிச் சுற்றில் அடக்கிப் பிடியுங்கள். தலை பலகைக்குள் புதைந்தால் அந்தக் குழியில் தண்ணீர் தங்கும், பலகை அங்கிருந்துதான் உளுக்கும்.