அட்ரினல் கட்டி: வெறும் ஸ்கானா, மருந்து ஏற்றிய ஸ்கானா?

கொழும்புத்துறையில் இருக்கும் மாமிக்கு வயிற்றுநோவுக்கு எடுத்த ஸ்கானில், சிறுநீரகத்துக்கு மேலே அட்ரினல் சுரப்பியில் 2 சென்ரிமீற்றர் கட்டி. மருந்து (படத்தில் கட்டியை எடுத்துக்காட்ட நரம்பில் ஏற்றும் சாயம்) ஏற்றி எடுத்தால்தான் வடிவாகத் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மருந்து ஏற்றாத சி.ரி. ஸ்கானில் கட்டி ஒரே சீராக, அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு (சி.ரி. ஸ்கானில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் போகாமல் இருந்தால் அது கொழுப்பு நிறைந்த தீங்கற்ற அடினோமா (புற்றுநோய் அல்லாத சுரப்பிக் கட்டி), ஹோர்மோன் பரிசோதனை மட்டும் மிச்சம். மாமியின் அறிக்கையில் 4 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

10ஐத் தாண்டினால் மற்றது: மருந்து ஏற்றி, 15 நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்து, கட்டியிலிருந்து அந்த மருந்து 60 சதவீதமாவது வெளியேறியதா என்று பார்ப்பார்கள்; வெளியேறினால் அடினோமா என்று எடுப்பார்கள். சரி, ஆனால் ஃபியோகுரோமோசைற்றோமாவும் (அட்ரினலின் போன்ற ஹோர்மோன்களைச் சுரக்கும் கட்டி) சிலவேளை அடினோமா போலவே காட்டும், அதனால் அந்த ஹோர்மோன்கள் சிதைந்து வருவதை அளக்கும் மெற்றாநெஃப்ரின் பரிசோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.