சர்வர் செட் பண்ணித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட உஷாரு, 30,000 போச்சு

லினக்ஸ் சர்வர் வச்சிருக்கிற சின்ன ஆபீஸ்காரங்க இதை ஒரு தடவை படிச்சுடுங்க.

எங்ககிட்ட பதினாறு கோர் (சிபியுக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி) மெஷின் ஒண்ணு, ஆறு பேர் எஸ்எஸ்ஹெச்ல (அவங்கவங்க கம்ப்யூட்டர்லேர்ந்தே சர்வருக்குள்ள நுழையற வழி) உள்ள வந்து வேலை பாக்குறோம். ஒரு தம்பி நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி கிளிப்பை எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ கன்வெர்ட்டர்ல மாத்துற ஸ்க்ரிப்டை ஓட்டிவிட்டான்னா மத்தவங்களுக்கு அடிக்கிற எழுத்தே லேட்டாத்தான் ஸ்க்ரீன்ல வரும். ஒரு யூசருக்கு இவ்ளோதான் சிபியுன்னு கட்டிப்போட, தெரிஞ்சவர் மூலமா ஒருத்தரைப் பிடிச்சோம். அரை மணி நேரம் உக்காந்தாரு, “இனிமே ஒருத்தரும் ஆட முடியாது சார்”னு 12,000 வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அன்னைக்கு சாயங்காலம் பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (படமா உருவாக்குற வேலை) போட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, “கில்டு”ன்னு ஒத்தை வார்த்தை, ரெண்டர் காலி. திரும்பப் போட்டாலும் அதே. போன் பண்ணா “ரேம் பத்தல சார், அதான் கெர்னல் கொல்லுது”ன்னாரு (கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி), நம்பி அவர்கிட்டயே இன்னொரு 18,000 அழுதோம். ரேம் போட்டும் அதே ரெண்டு நிமிஷம். தம்பியோட ஸ்க்ரிப்ட் மட்டும் ஜாலியா ஓடுது.

ரேம் பத்தாம கெர்னல் எதையாவது கொன்னா “அவுட் ஆஃப் மெமரி”ன்னு லாக்ல எழுதி வைக்கும், போய்ப் பாத்தா ஒரு வரி இல்ல. அப்புறம் யூசருக்கு வரம்பு வைக்கிற லிமிட்ஸ் டாட் கான்ஃப் ஃபைலைத் திறந்தேன், எல்லாருக்கும் ஹார்ட் (மீற முடியாத வரம்பு), சிபியு, 30ன்னு எழுதி வச்சிருக்காரு. முப்பது பர்சென்ட்னு நினைச்சுட்டாரு போல! அது முப்பது நிமிஷ சிபியு டைம்ங்க, தாண்டினா கெர்னல் கொன்னுடும்; யூலிமிட் கமாண்டுல போட்டா செகண்டுக் கணக்கு, இந்த ஃபைல்ல நிமிஷக் கணக்கு. பதினாறு கோரையும் முழுசா இழுக்கிற ரெண்டருக்கு கடிகாரத்துல ஒரு நிமிஷம்னா கணக்குல பதினாறு நிமிஷம் ஏறும், அப்புறம் ரெண்டாவது நிமிஷம் எங்க முடியறது. அதுவும் யூசருக்குச் சேத்து இல்ல, ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம்) தனித்தனி மீட்டர். தம்பி கிளிப்புக்கு ஒரு புது எஃப்எஃப்எம்பெக் கிளப்புறான், அவன் மீட்டர் ஒவ்வொரு தடவையும் சைபர்லேர்ந்துதான் ஓடுது. எவனுக்காகக் கட்டினோமோ அவனைத் தவிர எல்லாரையும் கட்டியாச்சு.

அந்த வரியைத் தூக்கிட்டு, சிஸ்டம்டில (லினக்ஸ்ல ப்ரோக்ராம்களை நிர்வகிக்கிறது) தம்பியோட யூசர் ஸ்லைஸுக்கு (அவன் லாகின்ல ஓடறதெல்லாம் சேர்ந்த தொகுப்பு) சிபியு கோட்டா 400% வச்சேன், ஒரே கமாண்டு. 100%னா ஒரு கோர், அதனால எத்தனை ப்ராசஸ் கிளப்பினாலும் மொத்தமா நாலு கோர் அளவுதான், எதையும் கொல்லாது, மெதுவாக்கும். ஆனா டாக்கர்ல (ப்ரோக்ராமைத் தனிப் பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டற சாஃப்ட்வேர்) ஓட்டினா இந்த ஸ்லைஸுக்குள்ள வராது, அதுக்குத் தனியா லிமிட் வைக்கணும், தம்பி ரெண்டாவது நாளே அதைக் கண்டுபிடிச்சுட்டான், கில்லாடி.

உங்க மெஷின்ல எவனாவது அந்த ஃபைலைத் திறந்து நம்பர் போட்டா அது நிமிஷமா பர்சென்டான்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. எங்க ஆளுகிட்ட ரேமைத் திருப்பி எடுத்துக்கங்கன்னேன், “கவர் பிரிச்சாச்சே சார்”னாரு. அதுக்கப்புறம் போனே எடுக்கல.