தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து யூகான் சீசன் பார்த்த ஆப்: 5க்கு 3 தான் குடுப்பேன்

ஆப் பேரு வேணாம், அமெரிக்க காலேஜ் பாஸ்கட்பால் காட்டுறது. 2023-24 சீசன்ல கனெக்டிகட் யூனிவர்சிட்டி (சுருக்கமா யூகான்) டீமுக்காகவே நவம்பர்ல எடுத்தேன், மாசம் ரெண்டு மட்டன் பன்னி சௌ (ரொட்டிக்குள்ள கறி ஊத்தி தர்ற எங்க ஊரு சாப்பாடு) வாங்குற காசு.

முதல்ல நல்லது. படம் சுத்தமா இருக்கு, கோச் டான் ஹர்லி ரெஃப்ரிகிட்ட கத்துறப்ப கழுத்து நரம்பு புடைக்கிறது கூட தெரியுது. ரீப்ளே தேடுனா டக்குனு கிடைக்குது. ஆனா அங்கதான் வினையே, ரீப்ளே படத்து மேலயே ஸ்கோர போட்டு வச்சிருக்கானுங்க! டிசம்பர்ல கன்சாஸ் மேட்ச் நடக்கறப்ப எங்க ஏரியாவுல லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் கட் பண்றது), சரி காலைல பாப்போம்னு ஆசையா திறந்தா 69-65, தோத்தாச்சுன்னு மொத கண்ணுலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்னத்த பாக்குறது.

மார்ச் 26ல இருந்து லோட்ஷெடிங் நின்னுச்சு, சீசன் கடைசில வர்ற நாக்-அவுட் டோர்னமென்ட் பாக்க நமக்கு லக்குதான். குட் ஃப்ரைடே ராத்திரி ஒன்றரைக்கு மேல சான் டியாகோ ஸ்டேட் மேட்ச், 82-52னு அடிச்சு முடிச்சாங்க, அப்படியே குளிச்சிட்டு டர்பன் பக்கத்துல இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு போயி வரிசைல நின்னுக்கிட்டே தூங்குனேன், வீட்டுக்கார ஆயா இன்னும் அத சொல்லி சிரிக்குது.

அடுத்தது இலினாய் மேட்ச், இதுக்குத்தான் ரெண்டு ஸ்டார் கட். 23-23, ஹாஃப் டைம் வரப்போகுது, சக்கரம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், மறுபடி லாகின் கேக்குது, ஓடிபி வரல, வந்தப்ப டைம் முடிஞ்சிடுச்சுங்குது, ஒரு வழியா உள்ள போனா 53-23! எதோ ஸ்கோர்போர்டு கோளாறுன்னு நெனச்சேன் சத்தியமா. பாத்தா தொடர்ந்து 30 பாயின்ட், எதிராளிக்கு ஒண்ணு கூட இல்ல. நம்ம யூகான் டீமோட ஏழடி ரெண்டு அங்குலம் கிளிங்கன் கைய தூக்கி நின்ன 19 ஷாட்டுல ஒண்ணுகூட உள்ள போகலையாம். காலேஜ் பாஸ்கட்பால்ல இந்த மாதிரி ஒண்ண இனி எப்ப பாக்க போறேன், நான் அந்நேரம் ஓடிபிக்கு போன உத்து பாத்துட்டு இருந்திருக்கேன்.

ஃபைனல் மட்டும் ஒரு தடவ கூட நிக்கல. செவ்வாக்கிழமை விடிகாலை மூணேகால் வாக்குல ஆரம்பம், சத்தத்த கொறச்சு வச்சு பாத்தேன். எதிர் டீம் பர்டியூவோட ஆட்டக்காரன் ஈடி 37 பாயின்ட் எடுத்தும் 75-60க்கு யூகான் ஜெயிச்சது, எப்படின்னா அவன தனியாளா கிளிங்கன்கிட்ட விட்டுட்டு மத்தவனுங்கள மூணு பாயின்ட் ஷாட்டே போட விடல, பர்டியூ மொத்தமே ஏழுதான் ட்ரை பண்ணுது, விழுந்தது ஒண்ணு. ஈடிய ரெண்டு பேரா மறிக்காம ஏன் விட்டானுங்கன்னு நான் பாதி மேட்ச் வரைக்கும் திட்டிட்டு இருந்தேன், ஹர்லிக்கு தெரிஞ்சிருக்கு. 37 ஜெயிப்பு, 3 தோல்வி, தொடர்ந்து ரெண்டாவது கப்பு, 2007ல ஃப்ளோரிடாவுக்கு அப்புறம் யாரும் செய்யாதது.

கேன்சல் பண்ண நாலு மெயில் போட வேண்டியதாச்சு. எடுக்கறவங்க ரீப்ளே பாக்கறப்ப ஸ்கிரீன் மேல் பாதிய கையால மறைச்சுக்கிட்டு ப்ளே அமுக்குங்க, நான் அப்படித்தான் ஓட்டுனேன்.