அச்சு நேர்த்தி, இணையதளம் சோதனை

திருவந்திபுரத்தில் நடந்த தங்கை திருமணத்தின் 412 படங்களை, கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள ஓர் ஆல்பம் கடையின் இணையதளத்தில் ஏற்றினேன். ஏற்றும் வரை எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கை ஒழுங்காக ஓடியது. ஆனால் 'ஆல்பம் உருவாக்கு' என்னும் பொத்தானை அழுத்தியபின் ஒரு வட்டம் மட்டுமே சுழன்றுகொண்டிருந்து, சரியாக ஒரு நிமிடத்தில் '504' என்ற பிழை, அதாவது உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்ற அறிவிப்பு, வந்தது. வேலை நின்றுவிட்டதென்று எண்ணி மீண்டும் அழுத்தினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு ஆர்டர்கள்.

நானும் இணையதளம் உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் காரணத்தை ஊகிக்க முடிந்தது: நம் கோரிக்கையை வாங்கி, ஆல்பத்தை உருவாக்கும் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர், அமைப்பை மாற்றாவிட்டால், அந்தச் செயலியின் பதிலுக்கு 60 நொடிகளே காத்திருக்கும், இணைப்பு அறுந்தாலும் பின்னணியில் வேலை தொடரக்கூடும். இத்தகைய நீண்ட வேலையை வரிசையில் சேர்த்து, '202' (கோரிக்கை ஏற்கப்பட்டது) என்ற பதிலை உடனே அனுப்பிவிட்டு, எத்தனை பக்கங்கள் தயாராயின என்பதைச் சில நொடிகளுக்கொருமுறை கேட்டறிந்து திரையில் காட்டியிருக்கலாம். பக்கத்தைத் திறக்கும்போதே கோரிக்கைக்கு ஒரு தனி எண் இட்டிருந்தால், இரண்டாவது அழுத்தல் புது ஆர்டராகியிருக்காது. 10 நொடிக்கு மேல் பயனரின் கவனம் நிலைக்காது என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார்.

தொலைபேசியில் சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சின்றி ஓர் ஆர்டரை ரத்து செய்தார். அச்சுத் தரமோ, கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு வரை பிசகாமல் வந்திருக்கிறது. அடுத்த முறை பென்டிரைவோடு நேரிலேயே போய்விடுவேன்.