ஒரே மூச்சில் அரைமணி நடையா, அடிக்கடி எழுந்து நடமாடுவதா?

கொரோனா ஊரடங்கு போய்விட்டது. அது பழக்கிவிட்ட நாற்காலி பலருக்கு இன்னும் போகவில்லை. இதய நோயாளிகளுக்கு இது கூடுதல் சிக்கல். 2020-இல் பல இடங்களில் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் இதய மறுவாழ்வு மையங்களும் மூடப்பட்டன.

காலையில் அரைமணி நேரம் விறுவிறுவென நடந்தால் இதயத்தின் திறன் கூடும், மூச்சுத் தாக்குப்பிடிக்கும். வாரம் ஐந்து நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் கணக்காகிவிடும். வேகத்தை நாடி பார்த்து முடிவு செய்வது பீட்டா பிளாக்கர் சாப்பிடுவோருக்குச் சரிவராது; அந்த மருந்தே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் அளவு. நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிட வேண்டும்.

ஆனால் நடந்துவிட்டு வந்து பத்து மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்தால்? கால் தசைகள் சும்மா கிடக்கும்போது ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் எடுத்துக்கொள்வது குறைகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடப்பது இதற்குத்தான். இதில் இதயத் திறன் பெரிதாக அதிகரிக்காது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் சட்டென எழக்கூடாது, தலைசுற்றும்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், வெளியே போகவே பயப்படுபவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அடிக்கடி எழுந்து நடமாடுவதில் தொடங்கச் சொல்வேன். தேறியவருக்கு நடைதான் முதலில். ஆனால் அதைச் சாக்காக வைத்து மிச்ச நாளெல்லாம் உட்கார விடமாட்டேன்.